ரிப்பீட்டர் வழியே ரகசியப் பேச்சு: டிஜிட்டல் வாக்கி-டாக்கிக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"டிஜிட்டல் செட் வாங்கியாச்சு சார், இனி யாரும் ஒட்டுக்கேட்க முடியாது." ஆலை, ஆஸ்பத்திரி, கல்லூரி வளாகம் என்று எங்கே போனாலும் பாதுகாப்புப் பொறுப்பில் இருப்பவர்கள் இதை அடித்துச் சொல்வார்கள். உண்மை அப்படியில்லை. டிஜிட்டல் செட் உங்கள் குரலை எண்களாக்கி அனுப்புகிறது, அவ்வளவுதான். அந்த எண்களைத் திரும்பக் குரலாக்கும் முறை, காசு கொடுத்தோ கொடுக்காமலோ எல்லோருக்கும் கிடைக்கிற ஒன்று. கைக்கடக்கமான ஒரு யூ.எஸ்.பி. ரேடியோ டாங்கிளும் இலவச மென்பொருளும் வைத்திருப்பவர், சாதாரண டிஜிட்டல் பேச்சை வீட்டில் உட்கார்ந்தே கேட்டுவிட முடியும். அப்படிக் கேட்பது சட்டப்படி குற்றம் என்பது வேறு விஷயம்.

ரகசியம் வேண்டுமென்றால் அதன்மேல் குறியாக்கம், அதாவது என்கிரிப்ஷன், தனியாகப் போட வேண்டும். அதைப் போடுவது ஐந்து நிமிட வேலை. எல்லாச் செட்டும் எப்போதும் அதிலேயே பேசுகிறதா என்று உறுதிசெய்வதுதான் பெரிய வேலை. புதியவர்கள் பெரும்பாலும் முதல் வேலையோடு நிறுத்திவிடுகிறார்கள்.

இங்கே சொல்லப்போவது டி.எம்.ஆர். வகைச் செட்டுகளைப் பற்றி. ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தர நிறுவனமான எட்சி 2005இல் வெளியிட்ட தரநிலை இது. மோட்டோரோலா, ஹைடெரா, ஏனிடோன் என்று பல கம்பெனிகள் இந்த வகையில் செட் தயாரிக்கின்றன. தனியார் வளாகங்களில் இன்று டிஜிட்டல் வாக்கி என்று கையில் கொடுத்தால் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

முதலில் உரிமம்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். செட் வாங்கிய பிறகு இதைப் படித்தால் செட் மட்டும்தான் மிஞ்சும்.

இந்தியாவில் உரிமம் இல்லாமல் வாக்கி-டாக்கி பயன்படுத்தலாம் என்று 2018 விதிகள் விட்டுக்கொடுத்திருப்பது 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள சிறு துண்டு மட்டுமே. அதுவும் குறைந்த சக்தியில் இயங்கும் கையடக்கச் செட்டுக்குத்தான். மாடியில் ஆன்டெனா தூக்கி ரிப்பீட்டர், அதாவது செட்டின் அலையை வாங்கித் திரும்ப விடும் பெட்டி, வைப்பதற்கு அந்த விலக்கு உதவாது. ரிப்பீட்டர் வேண்டுமென்றால் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவிடம் உரிமம் வாங்கி, அவர்கள் ஒதுக்கும் அலைவரிசையில்தான் பேச வேண்டும். விண்ணப்பம் 'சரள் சஞ்சார்' இணையவாசல் வழியாகப் போகும். ஆன்டெனாக் கம்பத்துக்கு 'சாக்ஃபா' என்ற இட அனுமதி தனி. வாங்கும் கருவிக்கு உபகரண வகை ஒப்புதல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இணையக் கடைகளில் அலைவரிசை என்ன, உரிமம் வேண்டுமா என்று எதுவும் சொல்லாமல் வாக்கி-டாக்கி விற்றுவந்தார்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025இல் இதற்கென்றே வழிகாட்டுதல்கள் கொண்டுவந்தது. ஆனாலும் கார்ட்டில் போட முடிகிற எல்லாச் செட்டையும் ஆன் செய்யலாம் என்று எண்ணிவிடாதீர்கள். இலங்கையில் இருப்பவர்கள் தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழுவிடம் போக வேண்டும்.

ஹாம், அதாவது பொழுதுபோக்கு அமெச்சூர் ரேடியோ, உரிமம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹாம் அலைவரிசைகளில் என்கிரிப்ஷன் கூடாது. வெவ்வேறு நாட்டு நிலையங்களுக்கு இடையே நடக்கும் அமெச்சூர் பேச்சை, பொருள் விளங்காதபடி மறைத்து அனுப்பக் கூடாது என்று சர்வதேச ரேடியோ விதிமுறையே சொல்கிறது. செயற்கைக்கோளுக்கு அனுப்பும் கட்டுப்பாட்டுச் சமிக்ஞைக்கு மட்டும் விலக்கு உண்டு. உங்கள் ஹாம் செட்டின் மெனுவில் ஏ.இ.எஸ். என்ற குறியாக்க வகை கண்ணில் படலாம். அதைத் தொடாமல் விடுங்கள்.

உரிமம் கைக்கு வந்ததும் அதன் நிபந்தனைகளை வரி வரியாகப் படியுங்கள். குறியாக்கத்துக்கு அனுமதி உண்டா, எந்த வகைக்கு என்று எழுத்தில் கேட்டுப் பதிலையும் எழுத்தில் வாங்கிக் கோப்பில் வையுங்கள். விற்பனையாளர் "எல்லாரும் போடுறாங்க சார்" என்று சொல்வது அனுமதி ஆகாது.

ரிப்பீட்டர் என்ன செய்கிறது

கையில் இருக்கும் யூ.எச்.எஃப். செட்டின் சக்தி நான்கைந்து வாட். தரை மட்டத்தில் நின்று பேசினால் நாலு கட்டடம் தாண்டுவதற்குள் அலை ஓய்ந்துவிடும். உயரத்தில் வைத்த ரிப்பீட்டர் உங்கள் அலையை ஒரு அலைவரிசையில் வாங்கி, அதே நொடியில் இன்னொரு அலைவரிசையில் பெரிய சக்தியோடு திரும்ப விடுகிறது. வாங்குவதும் விடுவதும் ஒரே ஆன்டெனாவில் நடக்க டியூப்ளெக்ஸர் என்ற பெட்டி உதவுகிறது. அது சரியாக டியூன் ஆகவில்லை என்றால் ரிப்பீட்டர் தன் சத்தத்திலேயே தன் காதை அடைத்துக்கொள்ளும்.

டி.எம்.ஆரில் 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரே அலைவரிசையில் இரண்டு பேச்சு ஒரே நேரத்தில் போகும். 30 மில்லிநொடி முதல் பேச்சுக்கு, அடுத்த 30 மில்லிநொடி இரண்டாவதுக்கு. ஒரே உரலில் இரண்டு பேர் மாற்றி மாற்றி உலக்கை போடுவார்களே, அந்தக் கணக்கு. இந்த முறைகளுக்கு ஸ்லாட் 1, ஸ்லாட் 2 என்று பெயர். ஆக, ஒரு ரிப்பீட்டர் வாங்கினால் பாதுகாப்புக்கு ஒரு ஸ்லாட், பராமரிப்புக்கு இன்னொன்று என்று பிரித்துக்கொள்ளலாம்.

இப்போது முக்கியமான விஷயம். குறியாக்கம் செய்த பேச்சைக் கடத்த ரிப்பீட்டருக்குக் கீ, அதாவது பூட்டவும் திறக்கவும் செட்டில் போடும் ரகசிய எண், தேவையில்லை. பேசுகிற செட் பூட்டுகிறது, கேட்கிற செட் திறக்கிறது. நடுவில் இருக்கும் ரிப்பீட்டர் வந்த எண்களை வந்தபடியே அனுப்பிவிடுகிறது. அதனால் மாடியில் இருக்கும் ரிப்பீட்டரை யாராவது திருடிக்கொண்டு போனாலும் உங்கள் கீ போகாது. ஆனால் கட்டுப்பாட்டு அறையில் பேச்சைப் பதிவுசெய்யும் கணினியோ, வேறு ரேடியோவோடு இணைக்கும் பெட்டியோ இருந்தால் அவற்றுக்குக் கீ கொடுத்தாக வேண்டும். கொடுத்தால், அந்த அறையின் கதவும் உங்கள் பாதுகாப்பு வளையத்துக்குள் வந்துவிடுகிறது.

உயரம், கேபிள், இடி

ரிப்பீட்டரின் வாட் எண்ணைப் பார்த்துத்தான் பலரும் மயங்குகிறார்கள். எல்லை எவ்வளவு என்பதை உயரமே பெரிதும் முடிவுசெய்கிறது. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் ரேடியோ அடிவானம் கிலோமீட்டரில் வரும். 30 மீட்டர் கம்பத்துக்கு ஏறக்குறைய 22.5 கிலோமீட்டர். இது தடையே இல்லாத வெட்டவெளிக் கணக்கு. கான்கிரீட் கட்டடங்கள் நிறைந்த ஊரில் இதில் சிறு பங்கு கிடைத்தாலே நல்லது.

கேபிளில் சிக்கனம் பார்க்காதீர்கள். 450 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில், நல்ல கேபிள் என்று பெயர்பெற்ற எல்.எம்.ஆர்.-400 கூட 30 மீட்டர் நீளத்தில் கிட்டத்தட்ட பாதிச் சக்தியைத் தின்றுவிடும். மெல்லிய ஆர்.ஜி.-58 போட்டால் மேலே போய்ச் சேருவது பத்தில் ஒரு பங்குதான். இதே இழப்பு வாங்கும்போதும் நடக்கும். கைச் செட்டிலிருந்து வரும் அலையே பலவீனமானது. அது கேபிளில் கரைந்துபோனால், உங்களுக்கு ரிப்பீட்டர் நன்றாகக் கேட்கும், ரிப்பீட்டருக்கு நீங்கள் கேட்க மாட்டீர்கள். "நான் பேசறது யாருக்கும் கேக்கல, ஆனா எனக்கு எல்லாம் கேக்குது" என்று காவலாளி சொன்னால் முதலில் கேபிளையும் கனெக்டரையும் பாருங்கள்.

இடிதாங்கி, எர்த், ரிப்பீட்டருக்குத் தனி பேட்டரி மூன்றும் கட்டாயம். கரண்ட் போன நேரத்தில்தான் வாக்கி அதிகம் தேவைப்படும்.

செட்டில் நிரப்ப வேண்டியவை

கணினியில் புரோகிராமிங் மென்பொருளைத் திறந்து, கேபிள் மாட்டி, செட்டை முதலில் 'ரீட்' செய்து அந்தக் கோப்பைத் தனியாகச் சேமித்துவையுங்கள். வயர்லெஸ் தொழிலில் அந்தக் கோப்பைக் கோட்பிளக் என்பார்கள். பிறகு ஒரு சேனலை உருவாக்குங்கள்.

செட் கேட்கும் அலைவரிசை என்ற கட்டத்தில் ரிப்பீட்டர் விடும் அலைவரிசையைப் போட வேண்டும். செட் பேசும் அலைவரிசையில் ரிப்பீட்டர் கேட்பதைப் போட வேண்டும். உரிமக் கடிதத்தில் ரிப்பீட்டரின் பார்வையில் எழுதியிருந்தால், செட்டில் அது தலைகீழாக வரும். புதியவர்கள் இடறுகிற முதல் இடம் இதுதான்.

அடுத்தது கலர் கோடு. 0 முதல் 15 வரை ஏதாவது ஒரு எண். ரிப்பீட்டரில் 5 இருந்தால் செட்டிலும் 5. ஒன்று மாறினாலும் ரிப்பீட்டர் உங்களைத் திரும்பிப் பார்க்காது. இது ரகசிய எண் அல்ல, பக்கத்து ரிப்பீட்டரோடு குழம்பாமல் இருக்க வைத்திருக்கும் அடையாளம்.

பிறகு ஸ்லாட், டாக் குரூப் (ஒன்றாகப் பேசும் குழுவின் எண்), ரேடியோ ஐ.டி. (செட்டின் அடையாள எண்). பாதுகாப்புக் குழுவுக்கு ஸ்லாட் 1, குரூப் 101 என்று வைத்தால், அந்தச் சேனலில் பேசும் குழு 101 ஆகவும், கேட்கும் பட்டியலில் 101 இருக்கும்படியும் இரண்டு இடத்தில் அமைக்க வேண்டும். பேசும் இடத்தில் மட்டும் போட்டுவிட்டுக் கேட்கும் பட்டியலைக் காலியாக விட்டால், உங்கள் குரல் ஊருக்கே கேட்கும், பதில் மட்டும் வராது. சில செட்டுகளில் இதற்கு விளக்கு மட்டும் பச்சையாக எரியும், ஸ்பீக்கர் ஊமையாக இருக்கும். ரேடியோ ஐ.டி. ஒவ்வொரு செட்டுக்கும் வேறு வேறாக இருக்கட்டும். ஒரே கோட்பிளக்கை எல்லாவற்றிலும் ஏற்றிவிட்டு ஐ.டி.யை மாற்ற மறந்தால், யார் பேசினாலும் திரையில் 'கேட் 1' என்று ஒரே வாசல் செட்டின் பெயரே வரும். செட் தொலைந்த அன்றைக்கு எது தொலைந்தது என்றே தெரியாது.

'சேனல் காலியாக இருந்தால் மட்டும் பேசு' என்ற பொருளில் ஒரு அமைப்பு இருக்கும். அதைப் போட்டுவையுங்கள். தொடர்ந்து பேசும் நேரத்துக்கு ஒரு எல்லையும் வையுங்கள், ஒரு நிமிடம் போதும். பொத்தான்மேல் உட்கார்ந்துவிட்ட ஆள் ஒருவரால் மொத்த வளாகமும் வாயடைத்துப்போவது இதனால் குறையும்.

முதலில் பூட்டில்லாமல் பேசுங்கள்

குறியாக்கத்தை இன்னும் தொடாதீர்கள். சாதாரண டிஜிட்டலில் எல்லாம் ஓடுகிறது என்று தெரிந்த பிறகே அதைப் போட வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் செய்தால், பேச்சு கேட்கவில்லை என்றால் குற்றம் கலர் கோடிலா, கேபிளிலா, கீயிலா என்று கண்டுபிடிக்கவே பொழுது போய்விடும்.

பி.டி.டி. என்ற, பேசுவதற்கு அழுத்தும் பொத்தானை அழுத்தியதும் பேசத் தொடங்காதீர்கள். செட் ரிப்பீட்டரை எழுப்பி, ஸ்லாட் காலியா என்று கேட்டு, சரி என்று பதில் வாங்க ஒரு கணம் பிடிக்கும். வாங்கியதும் 'டிடிட்' என்று ஒரு சத்தம் வரும். அதற்குப் பிறகு பேசுங்கள். அனலாக் செட்டில் பழகியவர்கள் அழுத்தும்போதே பேசிவிடுவார்கள், முதல் சொல் வெட்டுப்பட்டுப் போகும். "போகாதே" என்பதில் முதல் எழுத்துகள் போய் "காதே" மட்டும் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். 'டிடிட்' வராமல் 'பூம்ம்' என்ற மறுப்புச் சத்தம் வந்தால், ரிப்பீட்டர் எட்டவில்லை அல்லது வேறு யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

பிறகு இரண்டு பேர் கிளம்பி வளாகம் முழுக்க நடந்து பாருங்கள். லிஃப்ட், படிக்கட்டு, ஜெனரேட்டர் அறை, அடித்தளப் பார்க்கிங், குளிர்பதனக் கிடங்கு. டிஜிட்டலில் சிக்னல் குறையும்போது அனலாக் மாதிரி 'கொர்ர்' என்ற இரைச்சல் படிப்படியாக அதிகரிக்காது. கடைசி வரை சுத்தமாகக் கேட்கும், பிறகு குரல் தகரத்தில் தட்டியது போல உடைந்து ஒரேயடியாக நின்றுவிடும். அந்த இடங்களைக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பூட்டு போட்ட பிறகு இதே இடங்களில் உடைந்தால், குற்றம் கீயில் இல்லை என்று உடனே தெரிந்துவிடும்.

செட்டை இடுப்பில் வைத்தபடி தோள் மைக்கில் பேசும்போது, உடம்பே ஆன்டெனாவை மறைக்கும். எல்லை ஓரத்தில் நிற்கும்போது செட்டைக் கையில் எடுத்து நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள். வாயிலிருந்து நான்கு விரல் தள்ளிப் பேசினால் போதும், கத்த வேண்டாம். கத்தினால் டிஜிட்டல் குரல் இன்னும் மோசமாகும்.

எந்தப் பூட்டு

மெனுவில் பெரும்பாலும் மூன்று வகை இருக்கும்.

'பேசிக்' என்று வருவது பெயருக்குத்தான் பூட்டு. மோட்டோரோலா முறையில் அதில் மொத்தமே 255 கீதான். தெருவில் போகிறவர் தற்செயலாகக் கேட்பதை அது தடுக்கும். மெனக்கெட்டுக் கேட்க நினைப்பவர் 255ஐயும் போட்டுப் பார்த்துவிடுவார்.

'என்ஹான்ஸ்ட்' அல்லது ஏ.ஆர்.சி.4 என்பது 40 பிட். ஏறத்தாழ 1.1 லட்சம் கோடி கீகள். கேட்க மலைப்பாக இருக்கும். இன்றைய கணினிக்கு அது எட்டாத எண்ணிக்கை அல்ல.

ஏ.இ.எஸ்.-256தான் நீங்கள் வாங்க வேண்டியது. சில மாடல்களில் இதற்குத் தனி லைசென்ஸ் காசு கட்ட வேண்டியிருக்கும், செட் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். வேறு வேறு கம்பெனிச் செட்டுகளைக் கலந்து வைத்திருந்தால், இரண்டிலும் ஏ.இ.எஸ். என்று அச்சடித்திருப்பதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். இரண்டையும் மேசையில் வைத்து, ஒரே கீ போட்டுப் பேசிக் காட்டச் சொல்லுங்கள்.

"எங்க கம்பெனியோட சொந்த ரகசிய முறை" என்று விற்பவரிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். பல நாட்டுக் காவல் துறைகள் பயன்படுத்தும் டெட்ரா வகை ரேடியோவின் குறியாக்க முறைகள் பல ஆண்டுகளாக வெளியே காட்டாமல் வைக்கப்பட்டிருந்தன. நெதர்லாந்தின் மிட்நைட் புளூ ஆய்வாளர்கள் அவற்றைப் பிரித்துப் பார்த்து, 2023இல் முடிவை வெளியிட்டார்கள். டி.இ.ஏ.1 என்ற முறையில் 80 பிட் கீ உள்ளுக்குள் 32 பிட்டாகச் சுருங்குவது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. ஏ.இ.எஸ். அப்படியல்ல, உலகமே பார்த்துச் சோதித்த முறை.

கீ உருவாக்குவதும் ஏற்றுவதும்

256 பிட் கீ என்றால் 0 முதல் 9, ஏ முதல் எஃப் வரையான குறிகளில் 64 குறி. இதைக் கணினியின் பாதுகாப்பான சீரற்ற எண் உருவாக்கியில் எடுங்கள். 1111 என்றோ, முதலாளியின் பிறந்தநாளைத் திரும்பத் திரும்ப அடித்தோ போட்டால் ஏ.இ.எஸ். வாங்கிய காசு வீண். கணினியை நம்பாதவர் காசு சுண்டியும் எடுக்கலாம். நான்கு சுண்டலுக்கு ஒரு குறி, ஆக 256 சுண்டல். மழை நாளில் பொழுது போகும்.

கீயோடு இரண்டு விவரம் சேர்ந்து வரும்: கீ எண், கீயின் மதிப்பு. கீ எண் வானில் வெளிப்படையாகவே போகும். 'மூன்றாம் கீயால் பூட்டியது' என்று கேட்கிற செட்டுக்குச் சொல்ல அது தேவை. மதிப்பு ஒருபோதும் வானில் போகக் கூடாது. வாட்ஸ்அப்பிலும், மின்னஞ்சலிலும், போன் கேமராவிலும்கூடத்தான்.

புரோகிராமிங் மென்பொருளில் கீ பட்டியலுக்குப் போய் எண்ணையும் மதிப்பையும் இடுங்கள். பிறகு சேனலுக்குத் திரும்பி, குறியாக்கத்தை இயக்கி, அந்தக் கீயைத் தேர்ந்தெடுங்கள். எல்லாச் செட்டையும் ஒரே மேசையில், ஒரே ஆள், ஒரே தடவையில் ஏற்றுவது நல்லது. கீயைக் காகிதத்தில் எழுதி உறையிலிட்டு, ஒட்டிக் கையெழுத்துப் போட்டு, லாக்கரில் வையுங்கள். கோட்பிளக் கோப்பிலேயே கீ உட்கார்ந்திருக்கும் மாடல்களும் உண்டு. அந்தக் கோப்பை விற்பனையாளரின் லேப்டாப்பில் விட்டுவிட்டு வருவதும் கீயைக் கொடுத்துவிட்டு வருவதும் ஒன்றே. புரோகிராமிங்கை வெளியாளிடம் கொடுத்தாலும், கீ இடும் கடைசிக் கட்டத்தை உங்கள் ஆளே செய்யட்டும்.

ஏற்றிய பின் பேசிப் பாருங்கள். சரியில்லை என்றால் காதே காரணம் சொல்லிவிடும். விளக்கு எரிகிறது, சத்தமே இல்லை: அந்தச் செட்டில் அந்தக் கீ எண்ணே இல்லை. தண்ணீருக்குள் யாரோ உளறுவது போலக் கொரகொரவென்று வருகிறது: கீ எண் பொருந்துகிறது, மதிப்பு வேறு, 64இல் எங்கோ ஒரு குறி மாறி அடித்திருக்கிறீர்கள். நன்றாகக் கேட்கிறது, ஆனால் நடுவில் நுழைந்தவருக்கு முதல் ஒரு கணம் கேட்கவில்லை: அது கோளாறு இல்லை. நடுவில் சேரும் செட், பூட்டைத் திறக்கத் தேவையான தொடக்க எண்ணைப் பேச்சோடு கலந்து வருவதிலிருந்து திரட்டிக்கொள்ளச் சிறிது நேரம் எடுக்கும்.

கீ இல்லாத செட்டை வைத்துச் சோதியுங்கள்

இந்தச் சோதனையைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு. அதனால்தான் இதற்குக் கொஞ்சம் நீளமாக இடம் கொடுக்கிறேன்.

ஒரு செட்டில் அலைவரிசை, கலர் கோடு, ஸ்லாட், குரூப் எல்லாம் சரியாகப் போட்டு, கீயை மட்டும் போடாமல் விடுங்கள். அதன்மேல் சிவப்பு டேப் ஒட்டி, சோதனைச் செட் என்று எழுதிவையுங்கள். மற்ற எல்லாச் செட்டையும் ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொரு சேனலிலும் பேசச் சொல்லுங்கள். சிவப்புச் செட்டில் யாருடைய குரலாவது புரிந்தால், அந்தச் செட்டில் அந்தச் சேனல் பூட்டில்லாமல் ஓடுகிறது.

இது ஏன் வேண்டும்? குறியாக்கம் போட்ட செட், பூட்டிய பேச்சையும் பூட்டாத பேச்சையும் ஒரே மாதிரி கேட்க வைக்கும். பத்துப் பேரில் ஒருவர் பூட்டில்லாமல் பேசினாலும் மற்ற ஒன்பது பேருக்கும் வித்தியாசம் தெரியாது. உரையாடல் இயல்பாக நடக்கும், அவர் பக்கத்துப் பேச்சு முழுக்க வெளியே போய்க்கொண்டிருக்கும். அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மாட் பிளேஸும் அவர் குழுவினரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதையே காட்டியது. பி25 என்ற வேறு வகை ரேடியோ. பயன்படுத்தியவர்கள் மத்திய அரசின் புலனாய்வு ஆட்கள். கண்காணிப்பில் இருப்பவர்கள், அடுத்து நடக்கப்போகும் நடவடிக்கை என்று வெளியே வரக் கூடாத பேச்செல்லாம் பூட்டில்லாமல் வானில் போய்க்கொண்டிருந்தது. பூட்டை யாரும் உடைக்கவில்லை. செட்டின் சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை யாரும் கவனிக்கவில்லை.

பயிற்சி பெற்ற புலனாய்வு அதிகாரிக்கே நேர்ந்தது இரவு ஷிப்ட் காவலாளிக்கு நேராதா? அதனால் குறியாக்கத்தை ஆன், ஆஃப் செய்யும் உரிமையைப் பயனாளியிடம் கொடுக்காதீர்கள். பக்கவாட்டுப் பொத்தானில் அந்த வேலை ஒதுக்கப்பட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். சேனலிலேயே நிரந்தரமாக ஆன் ஆக இருக்கட்டும். பூட்டாத பேச்சு வந்தால் ஒலிக்காமல் தடுக்கும் வசதி உங்கள் மாடலில் இருந்தால் அதையும் போடுங்கள். அப்போது பூட்டில்லாமல் பேசுகிறவருக்குப் பதில் வராது. பதில் வராதவர் தானே கட்டுப்பாட்டு அறைக்கு ஓடி வருவார். ஆம்புலன்ஸ், தீயணைப்பு போல வெளியாரோடு பேச வேண்டிய அவசரச் சேனல் ஒன்றை மட்டும் பூட்டில்லாமல் வைத்து, குமிழின் கடைசி எண்ணில் தள்ளிவிடுங்கள்.

பூட்டு மறைக்காதவை

ஏ.இ.எஸ். உங்கள் சொற்களைத்தான் மறைக்கும். எந்த ரேடியோ ஐ.டி. பேசியது, எந்தக் குரூப்பில், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்பது எல்லாம் வெளிப்படையாகவே போகும். தினமும் இரவு 2 மணிக்கு ரோந்துச் செட் பேசுவது நின்றுபோனால், கேட்டுக்கொண்டிருப்பவருக்குப் பேச்சு புரியாவிட்டாலும் விஷயம் புரியும். திரையில் வரும் பெயர், குறுஞ்செய்தி, ஜி.பி.எஸ். இடக்குறி ஆகியவை பூட்டுக்குள் வருகிறதா என்பது மாடலுக்கு மாடல் மாறும். கையேட்டில் பாருங்கள், தேவை இல்லாததை அணைத்துவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே, ஸ்பீக்கர். 256 பிட் பூட்டுக்குள் பத்திரமாக வந்த செய்தி, டீக்கடை பெஞ்சில் முழு வால்யூமில் ஒலிப்பதை எத்தனையோ இடத்தில் பார்க்கலாம். காதில் மாட்டும் இயர்பீஸ் வாங்கிக் கொடுங்கள். ஏ.இ.எஸ். லைசென்ஸ் போட இருந்த காசில் மீதி இருந்தால் என்று பார்க்காதீர்கள், இதை முதலில் வாங்குங்கள்.

கீ மாற்றுவதும், செட் தொலைவதும்

மாதா மாதம் கீ மாற்றினால் பாதுகாப்பு கூடும் என்று தோன்றும். கையால் கீ ஏற்றுகிற சிறு குழுவில் அது எதிர்மாறாகப் போகும். மாற்றும் நாளில் லீவில் இருந்தவரின் செட்டில் பழைய கீ இருக்கும். அவருக்காக எல்லோரும் பூட்டை எடுத்துவிட்டுப் பேசுவார்கள். முன்னே சொன்ன பென்சில்வேனியா ஆய்விலும் இது நடந்தது. செட் தொலைந்தால், கீ தெரிந்த ஆள் வேலையை விட்டுப் போனால், கோட்பிளக் கோப்பு கைமாறியதாகச் சந்தேகம் வந்தால் மாற்றுங்கள். இவை எதுவும் நடக்காவிட்டால் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்பது என் எண்ணம்.

மாற்றும்போது பேச்சு நிற்காமல் மாற்ற ஒரு வழி இருக்கிறது. பல கீகளைச் சேமித்து, வருகிற கீ எண்ணைப் பார்த்துத் தானே திறக்கும் வசதி நல்ல செட்டுகளில் உண்டு. முதலில் எல்லாச் செட்டிலும் கீ 2ஐயும் ஏற்றிவிடுங்கள். பேசுவது இன்னும் கீ 1இல்தான். கடைசிச் செட்டும் வந்து ஏற்றியான பிறகு, ஒவ்வொன்றாகப் பேசும் கீயை 2க்கு மாற்றுங்கள். இந்த இடைக்காலத்தில் இரண்டு கீயும் எல்லோருக்கும் திறக்கும். எல்லாம் மாறியதும் கீ 1ஐ அழித்துவிடுங்கள். பிறகு சிவப்பு டேப் சோதனையை மறுபடி ஒரு சுற்று.

தொலைந்த செட் விஷயத்தில் இந்த நிதானம் கூடாது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து அந்த ஐ.டி.யை முடக்கும் கட்டளை அனுப்பலாம், அனுப்புங்கள். ஆனால் செட் ஆன் ஆகி, அதே சேனலில், எட்டும் தூரத்தில் இருந்தால்தான் அது வேலை செய்யும். எடுத்தவர் பேட்டரியைக் கழற்றி வைத்திருந்தால் உங்கள் கட்டளை காற்றோடு போகும். முடங்கியது என்று பதில் வந்தாலும் கீயை மாற்றியே ஆக வேண்டும். புதுக் கீ எல்லாச் செட்டிலும் ஏறும் வரை, பெயர், பணம், சாவி இருக்கும் இடம் போன்றவற்றை வாக்கியில் பேசக் கூடாது என்று நேரில் சொல்லி அனுப்புங்கள். வாக்கியில் சொன்னால், அதை எடுத்து வைத்திருப்பவருக்கும் கேட்கும். அந்தச் செட் உங்கள் உரிமத்தின்கீழ் வருவதால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள். ரிப்பீட்டரில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.